ஊசி போட்ட மறுநாள் செத்த மாடு

வெள்ளைக்காரன் காலத்து மாட்டு டாக்டர் என்றதும் நம் ஆட்களுக்குத் தொப்பியும் குதிரையும்தான் நினைவுக்கு வருகின்றன. அதெல்லாம் பட்டாளத்துக் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட துரைமார் கதை. காங்கயம், தாராபுரம், பல்லடம் பக்கம் ஊர் ஊராக அலைந்தவர்கள் நம்மவர்கள்தான். வேப்பேரியில் டாபின் ஹால் என்ற சின்னக் கட்டடத்தில் 1903இல் 20 மாணவர்களோடு ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள்.

அதே துறையில்தான் நானும் இருந்து ஓய்வு பெற்றேன். சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரிடம் அடிக்கடி போய் உட்காருவேன். சுதந்திரத்துக்கு முன்பே சர்வீஸுக்கு வந்தவர். அவர் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் வெக்கையில்தான் போய் முடியும். ரிண்டர்பெஸ்ட் என்கிற மாட்டுக் கொள்ளைநோயைத்தான் அப்படிச் சொல்வோம்.

இன்றைக்கு வெக்கையைப் பார்த்தவர்களே குறைந்துவிட்டார்கள். முதலில் காய்ச்சல். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகும். உதட்டைப் பிரித்துப் பார்த்தால் ஈறெல்லாம் தவிடு தூவிய மாதிரி புண். அப்புறம் நாற்றமெடுக்கும் கழிச்சல். பத்து நாளுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். வந்த மாட்டைக் காப்பாற்ற மருந்து அன்றும் இல்லை, கடைசிவரை வரவும் இல்லை. வராத மாட்டுக்குத்தான் ஊசி.

அந்த ஊசி மருந்து இமயமலைப் பக்கம் முக்தேசர் ஆய்வுக்கூடத்தில் தயாரானது. புனாவில் 1889இல் தொடங்கி, 1893இல் மலைக்குக் கொண்டுபோன கூடம் அது. வெக்கையைத் தாங்கும் சக்தியுள்ள மாட்டுக்கு நோய் ரத்தத்தை மேலும் மேலும் ஏற்றி, பிறகு அதன் ரத்தத்திலிருந்து சீரம் என்ற தெளிநீரைப் பிரித்தெடுப்பார்கள். வேலை செய்யும் மருந்துதான். ஆனால் அதன் காப்பை இரண்டு வாரத்துக்கு மேல் நம்ப முடியாது. முன்கூட்டியே போட்டு வைத்துப் பயனில்லை. பக்கத்தில் நோய் வந்த பிறகுதான் போட வேண்டும்.

சிக்கலே அங்குதான். மாடு சாகிறது என்று கிராம முனிசீப் எழுதி, அது தாலுகாவுக்குப் போய், டாக்டர் வண்டி கட்டி வந்து சேர்வதற்குள் நோய் பாதிப் பட்டிக்குள் நுழைந்திருக்கும். உடம்புக்குள் வெக்கை புகுந்தாலும் சில நாளைக்கு மாடு நன்றாகத் தீனி தின்னும், அசை போடும். பார்த்தால் தெரியாது. அதற்கும் ஊசி விழும். மறுநாளோ மூன்றாம் நாளோ அது படுத்துவிடும். ஒரு தோட்டத்துச் சாளை வீட்டில் பெரியவரிடம் கேட்டார்களாம்: "ஏனுங்க டாக்டரே, போடாதது நிக்குதுங்க, போட்டது போயிருச்சுங்களே?"

இதற்கு என்ன பதில் சொல்வது? சொன்னாலும் யார் கேட்பார்கள்? கிணற்றிலிருந்து கவலையில் தண்ணீர் இறைக்கிற மாட்டு ஜோடியில் ஒன்று போனால் தோட்டமே காய்ந்துவிடும். டாக்டர் வருகிறார் என்ற தாக்கல் கிடைத்ததும் எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, மாடுகளைக் கிளுவை வேலிக்கு அப்பால் தூரத்துக் கொறங்காட்டு மேய்ச்சலில் ஓட்டிவிட்டு, கட்டுத்தறியில் ஒரு கிழட்டு எருமையை மட்டும் நிறுத்தி வைப்பாராம். தலை எண்ணி வரி போடப் போகிறார்கள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. படிப்பில்லாத முட்டாள்தனம் என்று இதைச் சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் கிடையாது. கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள்.

அடுத்து வந்த முறை இன்னும் கஷ்டம். ஒரு பக்கம் சீரம், மறுபக்கம் உயிருள்ள நோய் ரத்தம், இரண்டையும் ஒரே நேரத்தில் போடுவார்கள். பிழைத்த மாட்டுக்கு நெடுங்காலக் காப்பு. ஆனால் நோயையே ஏற்றுகிறேன் என்றால் எந்தக் குடியானவன் மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பான்? போதாக்குறைக்கு அந்த ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சலும் ஒளிந்து வரலாம். 1920களில் முக்தேசரில் எட்வர்ட்ஸ் என்பவர் நோய்க்கிருமியை ஆட்டுக்கு ஆடு மாற்றி வளர்த்து வீரியத்தைக் குறைத்த பிறகுதான் நிலைமை மாறியது.

பெரியவர் கெட்டிக்காரர். நோய் கண்ட ஊரில் அம்மனுக்குச் சாட்டு, அதாவது நோன்பு சாட்டி வழிபாடு, நடக்கும். அதை மூடநம்பிக்கை என்று எதிர்த்துப் பேசாமல், ஊர்க்கவுண்டரிடம் போய், "சாட்டு முடியறவரைக்கும் ஊர் மாடு வெளியே போக வேண்டாம், சந்தைக்கும் வேண்டாம், பொதுத் தொட்டியில தண்ணி காட்டவும் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பாராம். சட்டத்தைக் காட்டி இதைச் செய்ய வைத்திருக்க முடியாது. கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கும் அந்தியூர் ஆடித் தேர்ச் சந்தைக்கும் மாடு ஓட்டிப் போகிற நாட்டில் ஒரு ஊர் வாசலைச் சாத்துவது சின்ன விஷயமில்லை.

ஊசிக்கு இல்லாத மரியாதையை டாக்டருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது ஒரு இடுக்கி. பர்டிசோ. இத்தாலிக்காரன் கண்டுபிடித்தது. அதற்கு முன் காளையைக் காயடிப்பது என்றால் கயிறு கட்டிச் சாய்த்து, விதையை நசுக்குவார்கள். மாடு அலறுவது அடுத்த தோட்டம்வரை கேட்கும். வீங்கிப் புழு வைத்துச் செத்ததும் உண்டு. பர்டிசோவில் தோல் கிழியாது. விதைக்கு மேலே நரம்பை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்து, இடுக்கியின் தாடையை அதன்மேல் வைத்து ஒரு அழுத்து. சற்றுத் தள்ளி மறுபக்கம் இன்னொரு அழுத்து. ரத்தமே வராது.

காயடிக்கக் காளைக்கன்றை ஓட்டி வந்த ஆட்களிடம்தான் பெரியவர் வெக்கைப் பேச்சையே எடுப்பாராம். "எல்லாத்துக்கும் போடாதீங்க, ஒண்ணுக்குப் போட்டுப் பாருங்க" என்று சிலர் இறங்கி வந்தார்கள். அந்த ஒன்று பெரும்பாலும் வயதான மாடாகத்தான் இருந்தது. அவரும் ஒன்றும் சொல்லாமல் அதற்கே போட்டுவிட்டு வருவார்.