அதிரசத்தின் மேல் மட்டும் பழி போடாதீர்கள்

காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் சுட்டு விற்கிறேன். அதிரசம், மாவுருண்டை, சீப்புச் சீடை எல்லாம் உண்டு. போன வாரம் வாடிக்கைக்காரர் ஒருவர், "ஆச்சி, உங்க மாவுருண்டையைத் தின்னே என் கடைவாய்ப்பல் போச்சு" என்றார். சொல்லும்போது அவர் கையில் டீ டம்ளர். சீனி தூக்கலாகப் போட்டு, இரண்டு மடக்கு குடித்து வைத்து, ஆறியபின் மறுபடி எடுத்து, ஒரே டம்ளரை முக்கால் மணி நேரம் ஓட்டுகிறவர்.

இனிப்பு வாயில் பட்டதும் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்கிவிடும். அமிலம் ஏற ஏறக் குறைகிற பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேலோடான எனாமல் கரைய ஆரம்பிக்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த மடக்கு போனால் எச்சில்தான் என்ன செய்யும், பாவம்! சாப்பாட்டோடு இரண்டு அதிரசம் தின்று முடிப்பவரைவிட, நாள் முழுக்க இனிப்பை நனைத்துக்கொண்டே இருப்பவருக்குத்தான் சொத்தை அதிகம். 1940களில் ஸ்வீடனில் விபேஹோல்ம் என்ற, அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான காப்பகத்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவே ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்குச் சொத்தை மளமளவென்று ஏறியது. வேண்டாம் என்று சொல்ல முடியாத நோயாளிகளின் பல்லைக் கெடுத்துக் கற்ற பாடம். நினைத்தால் வயிறு எரிகிறது.

என் மாமியார் கதை வேறு. பி.பி. மாத்திரை, அலர்ஜி மாத்திரை என்று வாய் எந்நேரமும் உலர்ந்தே இருக்கும். அதற்குப் பனங்கற்கண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். "சீனியா என்ன, பனைதானே?" என்பார். கிருமிக்குப் பனையும் ஒன்று, கரும்பும் ஒன்று. அவர் வயதில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். அங்கே எனாமல் கிடையாது, சீக்கிரம் அரித்துவிடும். அவருக்கு ஈற்றோரமாகத்தான் சொத்தை விழுந்தது.

வலித்தால் கிராம்பை வைத்து மரக்கடிப்பார், டாக்டரிடம் வரமாட்டார். சொத்தை சின்னதாக இருக்கும்போது வலிக்காது, ஒரே நடையில் அடைத்துவிடலாம். நரம்பைத் தொட்டபின் வேர் சிகிச்சை, கேப் என்று செலவு கல்யாணச் சீர் மாதிரி நீண்டுகொண்டே போகும்.

சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்குக்) குறையாத பேஸ்டால் இரவில் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டு, கொப்பளிக்காமல் படுக்கச் சொன்னார் பல் டாக்டர். மாமியாருக்கு அது அருவருப்பு. சரி, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்குக் கற்கண்டு டப்பா இருந்த இடத்தில் தண்ணீர்ச் செம்பு வைத்திருக்கிறேன். என்னைத் திட்டிக்கொண்டேதான் குடிக்கிறார்.