முழங்காலில் நீர் கோப்பது வளர்ச்சி வலி அன்று

என் இடது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, சில்லு முடிந்து கணைக்கால் எலும்பு தொடங்கும் இடத்தில், நெல்லிக்காயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்ததுபோல ஒரு புடைப்பு உண்டு. பதின்மூன்று வயதில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மைதானத்தில் 1500 மீட்டர் ஓடிப் பழகிய நாட்களில் வந்தது அது. ஓடினால் வலிக்கும், மண்டியிட்டால் உயிர் போகும், இரண்டு நாள் ஓடாமல் இருந்தால் தணியும். வளர்கிற பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும் என்று வீட்டிலும் பள்ளியிலும் சொன்னார்கள். அவர்கள் சொன்னபடியே பதினாறு வயதில் வலி தானாக நின்றது. எலும்பின் புடைப்பு மட்டும் தங்கிவிட்டது. இந்தப் பழைய அனுபவம்தான், என் மகளின் முழங்காலைச் சரியாகப் பார்க்கவிடாமல் ஐந்து மாதங்கள் என் கண்ணை மறைத்திருந்தது. ஓடுகிற பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் வேறு யாருக்கும் அப்படி நேரக்கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

அவளுக்கு அப்போது பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்பு, 800 மீட்டர் ஓடுபவள். வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி, அதற்கு மேல் ஞாயிறு காலையில் ஆறேழு கிலோமீட்டர் நீண்ட ஓட்டம். ஜூன் மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு மாலை அவளுடைய வலது முழங்கால் இடதைவிடப் பருத்து, வழுவழுவென்று உருண்டு தெரிந்தது. அவள் விழவும் இல்லை, கால் பிசகவும் இல்லை. புதன்கிழமைக்குள் வீக்கம் வற்றியது. அடுத்த ஞாயிறு திரும்ப வந்தது. அவளுடைய ஆச்சி தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து நீவிவிட்டார், பயிற்சியாளர் ஐஸ் வைக்கச் சொன்னார், நான் மருந்துக் கடையில் நீ கேப் என்ற முழங்கால் உறை வாங்கிக் கொடுத்தேன். எனக்கு வந்ததுதான் இவளுக்கும் வந்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டதால், அதற்குமேல் யோசிக்கவில்லை. மாவட்டப் போட்டி நடந்த வாரம் வீக்கம் வற்றாமல் இருந்தபோது, காலையில் ஒரு வலி மாத்திரையைக் கொடுத்து ஓடவிட்டேன். அவள் இரண்டாவதாக வந்தாள். அந்த மாத்திரையை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

எனக்கு வந்ததற்கும் அவளுக்கு வந்ததற்கும் இருந்த வேறுபாடு, தெரிந்து பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே புலப்பட்டிருக்கும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், அந்த வயதில் நான் ஒரே விரலால் அந்தப் புடைப்பைத் தொட்டுக் காட்டுவேன். அவளோ உள்ளங்கையை விரித்து முழங்கால் முழுவதையும் மூடிக் காட்டினாள். என்னுடைய நோய்க்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். பாஸ்டனைச் சேர்ந்த ராபர்ட் ஆஸ்குட், சூரிச்சைச் சேர்ந்த கார்ல் ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் 1903-இல் ஒருவரை ஒருவர் அறியாமல் தனித்தனியே விவரித்ததால் இருவர் பெயரும் ஒட்டிக்கொண்டது. தொடையின் முன்பக்கத் தசை முழங்கால் சில்லைப் பற்றிக்கொண்டு, அங்கிருந்து ஒரு தசைநாண் வழியாகக் கணைக்கால் எலும்பின் மேல்முனையில் போய்ச் சேர்கிறது. விடலைப் பருவத்தில் அந்த முனை இன்னும் முழுதாக எலும்பாகாத குருத்தாகவே இருக்கும். கால் எலும்பு விறுவிறுவென்று நீளும்போது தசை அதே வேகத்தில் நீளாமல் விறைத்து நிற்க, ஒவ்வோர் அடியிலும் அந்தக் குருத்து இழுபட்டு வீங்குகிறது. எலும்பு நீளக் காரணமான வளர்ச்சித் தகடு மூடியதும் பெரும்பாலானவர்களுக்கு வலி நின்றுவிடும். இங்கே கவனிக்க வேண்டியது, இந்த வீக்கம் மூட்டுக்கு வெளியே இருக்கிறது. மூட்டுக்குள் எதுவும் நடக்கவில்லை.

அவளுடைய வீக்கம் மூட்டுக்குள் இருந்தது. நம் ஊரில் இதை நீர் கோத்திருக்கிறது என்பார்கள். மருத்துவர்கள் சொல்வதும் அதே பொருளில்தான். முழங்கால் மூட்டு ஒரு மெல்லிய உறைக்குள் இருக்கிறது. நலமாக இருக்கும் மூட்டில், மசகுபோலச் செயல்படும் திரவம் ஒரு தேக்கரண்டி அளவுகூட இருக்காது. உள்ளே எதுவோ உறுத்தினாலோ, கிழிந்தாலோ, அழற்சி கண்டாலோ, அந்த உறை கூடுதலாக நீரைச் சுரக்கிறது. நீர் நோயன்று, உள்ளே ஒரு கோளாறு இருப்பதற்கான அறிகுறி. ஐஸ் வைத்தும் ஓய்வு கொடுத்தும் நீரை வற்றச் செய்யலாம். ஆனால் வரவழைத்த காரணம் உள்ளேயே இருக்கும்வரை அடுத்த ஓட்டத்துக்குப் பிறகு அது மறுபடி கோக்கத்தான் செய்யும்.

வீட்டிலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையைத் தரையில் இரு கால்களையும் நீட்டி, தொடையைத் தளர்த்தி உட்காரச் சொல்லுங்கள். முழங்கால் சில்லின் இரு பக்கங்களிலும், குறிப்பாக உட்பக்கத்தில், இயல்பாக ஒரு சிறு குழி தெரியும். நீர் கோத்த காலில் அந்தக் குழி நிரம்பிச் சமமாகிவிடும். நீர் கொஞ்சமாக இருந்தால், உட்பக்கத்தைக் கையால் மேல்நோக்கி நீவி வெறுமையாக்கிவிட்டு வெளிப்பக்கத்திலிருந்து அழுத்தினால், உட்பக்கக் குழி மெல்ல நிரம்புவதைக் காணலாம். இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முக்கியம்.

வளர்ச்சி வலி என்ற சொல்லையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். அந்தப் பெயரில் உண்மையிலேயே ஒன்று உண்டு. ஆனால் அது பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, மாலையிலோ இரவிலோ, இரண்டு கால்களின் தசையிலும் வந்து, காலையில் சுவடில்லாமல் போய்விடும். அதில் மூட்டு வீங்காது, பிள்ளை நொண்டாது. மூட்டு வீங்கிவிட்டால் அதை வளர்ச்சி வலி என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

முதலில் சென்ற மருத்துவமனையில் நேராகவும் பக்கவாட்டிலும் இரண்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றும் இல்லை, இரண்டு வாரம் ஓய்வெடுத்துவிட்டு ஓடலாம் என்றார்கள். ஓய்வெடுத்தாள், வற்றியது, ஓடினாள், வீங்கியது. நவம்பரில் மதுரையில் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் எந்தப் படத்தையும் எடுத்துப் பார்க்காமல், அரை மணி நேரம் கேள்விகளாகக் கேட்டார். அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நோய் இருந்தது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

கால் முறுக்கிக்கொண்டதா, அப்படியானால் எத்தனை நேரத்தில் வீங்கியது என்பது முதல் கேள்வி. முறுக்கிய சில மணி நேரத்துக்குள் பெரிதாக வீங்கினால் உள்ளே கோத்திருப்பது பெரும்பாலும் இரத்தம். எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் என்ற நார் அறுந்திருக்கலாம், சில்லு நழுவித் திரும்பியிருக்கலாம். மறுநாள் மெதுவாக வீங்கினால் மெனிஸ்கஸ் என்ற ஜவ்வின்மீது சந்தேகம் போகும். மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொள்கிறதா என்று அடுத்துக் கேட்டார். கிழிந்த ஜவ்வோ, உடைந்து மிதக்கும் எலும்புத் துண்டோ இடுக்கில் சிக்கினால் அப்படி ஆகும். பிறையாக இருக்க வேண்டிய வெளிப்பக்க ஜவ்வு சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே தட்டுப்போல வட்டமாக அமைந்திருந்தாலும் இந்தத் தொல்லை வரும்.

காலையில் எழுந்ததும் முழங்கால் விறைத்திருந்து, நடக்க நடக்கத் தளர்கிறதா என்ற கேள்வி இளம்பருவ மூட்டழற்சியைப் பற்றியது. பதினாறு வயதுக்குள் தொடங்கி, வேறு காரணம் தென்படாமல், ஆறு வாரங்களாவது நீடிக்கும் மூட்டு அழற்சிக்கு அந்தப் பெயர். ஓடும் பிள்ளைகளிடம் இது எளிதில் மறைந்துவிடும். உடல் சூடேறியதும் வலி குறைவதால் எல்லாரும் அதைச் சாதாரணப் பிடிப்பு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இந்த நோய் சில பிள்ளைகளுக்கு வலியோ சிவப்போ இல்லாமல் கண்ணின் உட்புறத்தையும் பாதித்துப் பார்வையைக் குறைக்கும் என்பதால், நோய் உறுதியானவர்களைக் கண் மருத்துவரிடமும் தவறாமல் அனுப்புவார்கள். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்ததா என்பன அடுத்து வந்தன. நுரையீரலை மட்டும் தாக்கும் நோய் என்று நாம் நினைக்கும் காசநோய், முழங்கால் மூட்டில் மாதக்கணக்கில் மெல்ல வீங்கும் நோயாகவும் வரும்.

இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி உண்டா என்று அவர் கேட்டபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. இந்த வயதில் வரும் எலும்புப் புற்று மிக அரிதானது. ஆனால் அது வரும்போது முழங்காலை ஒட்டிய எலும்பு முனைகளில்தான் அதிகம் வருகிறது. ஓய்விலும் இரவிலும் குறையாத வலி அதன் அடையாளங்களில் ஒன்று. அவளுக்கு அது இல்லை. பிறகு அவளைப் படுக்கவைத்து இடுப்பு மூட்டைச் சுழற்றிப் பார்த்தார். இடுப்பில் தொடையெலும்பின் தலைப்பகுதி நழுவினாலும், நரம்பின் வழியாக வலி முழங்காலில் தெரியும் என்றார். அவளுடைய உணவையும் மாதவிடாயையும் பற்றி என் மனைவியிடம் கேட்டறிந்தார். ஓட்டத்துக்குச் செலவாகும் அளவுக்கு உண்ணாத பெண்பிள்ளைகளுக்கு எலும்பு நலிவடைகிறது. காய்ச்சலோடு ஒரே நாளில் மூட்டு சூடாகி வீங்கி, காலை அசைக்கவே முடியாமல் போனால் மட்டும் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிவைத்தார்.

கடைசியில் அவர் கேட்ட எக்ஸ்ரே, முழங்காலை மடக்கிவைத்து எடுப்பது. அதில், தொடையெலும்பின் கீழ்முனையில் உட்பக்கக் குமிழில், இரு குமிழ்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நோக்கிய விளிம்பை ஒட்டி, ஒரு சிறு பகுதி சுற்றுவட்டத்திலிருந்து பிரிந்து மங்கலாகத் தெரிந்தது. நேராக நீட்டி எடுத்த படத்தில் அந்த இடம் சரியாகப் படுவதில்லை. ஆஸ்டியோகாண்ட்ரைடிஸ் டிசெகான்ஸ் என்று இதைச் சொல்கிறார்கள். குருத்தெலும்புக்கு நேர் கீழே இருக்கும் எலும்பின் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டம் குன்றி, அது வலுவிழந்து, மேலேயுள்ள குருத்தெலும்போடு சேர்ந்து பெயர்ந்து வரக்கூடிய நிலை. 1887-இல் ஃபிரான்ஸ் கோனிக் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் அழற்சியே காரணம் என்று கருதி வைத்த பெயர் இது. அழற்சி காரணமன்று என்று பிறகு தெரிந்தும் பெயர் நிலைத்துவிட்டது. குதித்தும் ஓடியும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் பாரத்துக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்று கருதுகிறார்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, அந்தத் துண்டு இன்னும் பெயராமல் தன் இடத்திலேயே நிற்பதும், மேலுள்ள குருத்தெலும்பு கிழியாமல் இருப்பதும், வளர்ச்சித் தகடு மூடாமல் இருப்பதும் தெரிந்தன. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால், ஓடாமல் குதிக்காமல் மாதக்கணக்கில் பொறுத்திருந்து எலும்பைத் தானாகக் கூடவிட நல்ல வாய்ப்பு உண்டு. பெயர்ந்திருந்தால், மூட்டுக்குள் சிறு கருவியைச் செலுத்தி, துண்டைத் திருகால் பொருத்தவோ அகற்றவோ வேண்டியிருந்திருக்கும். இதைக் கேட்டதும், வலி மாத்திரையின் துணையில் அவளை ஓடவைத்த அந்த இரண்டரை நிமிடங்கள் நினைவுக்கு வந்தன. வலி என்பது அந்தத் துண்டைக் காக்க உடல் கட்டிய வேலி. அதை நான் என் கையாலேயே பிரித்துப் போட்டிருந்தேன்.

முதல் ஆறு வாரம் பிரேஸ் அணிந்து ஊன்றுகோலோடு நடந்தாள். அதன் பிறகு இயன்முறை மருத்துவரிடம் தொடைப் பயிற்சிகள் தொடங்கின. சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டர் உயரத்தில் நாடாவால் அளந்தபோது, வலது தொடை இடதைவிட இரண்டு சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. மூட்டில் நீர் கோத்திருக்கும்போது, கொஞ்சமாக இருந்தாலும், தொடையின் முன்தசையை முழு விசையோடு இயங்கவிடாமல் நரம்புகளே தடுத்துவிடுகின்றன என்று அவர் விளக்கினார். அப்படித் தசை சோர்ந்த காலோடு ஓடும்போது, தசை தாங்க வேண்டிய அதிர்ச்சியை மூட்டே தாங்குகிறது. நீ கேப்பை இறுகக் கட்டிக்கொண்டு வீங்கிய காலோடு ஓடும் பிள்ளைகளை மைதானத்தில் பார்க்கும்போதெல்லாம், இப்போது அவர்களுடைய தொடையைத்தான் என் கண் முதலில் பார்க்கிறது.

பயிற்சியாளரிடமும் பேசினேன். அவர் மேல் எனக்குக் குறை ஏதும் இல்லை. அவரும் அவருக்குக் கற்றுத்தரப்பட்டதைத்தான் செய்தார். வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சியே இல்லாமலும், ஆண்டில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விலகியும் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி பரிந்துரைப்பதைச் சொன்னேன். பள்ளிப் போட்டிகளின் கால அட்டவணை அதற்கு எங்கே இடம் தருகிறது என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனாலும், மூட்டு வீங்கிய பிள்ளையை மருத்துவர் பார்க்கும்வரை ஓடவிடுவதில்லை என்பதை அவர் இப்போது வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறார்.

ஆறாவது மாத எம்.ஆர்.ஐ.யில் எலும்பு கூடிவருவது தெரிந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம் என்று அவள் மறுபடி தொடங்கியிருக்கிறாள். ஓடிய மறுநாள் காலையில் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, குழி தெரிகிறதா என்று தானே பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைக்கிறாள். நிரம்பியிருந்தால் முந்தைய படிக்கு இறங்கிவிட வேண்டும் என்பது அவளுக்கும் மருத்துவருக்கும் உள்ள உடன்பாடு. கடந்த மூன்று வாரமாக அந்த நோட்டில், இரண்டு பக்கமும் குழி தெரிகிறது என்றே இருக்கிறது. தொடைச் சுற்றளவில் மட்டும் இன்னும் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது; அது நேராகும்வரை ஸ்பைக்ஸ் ஷூ பரணில்தான் இருக்கும்.