முன்னேற்றம் பற்றிய வினாவுக்கு இரண்டு தடவை விடை எழுதியவன் சொல்வது

வெளிவாரிப் பட்டத்துக்கு மெய்யியல் எடுத்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வந்த வினா: முன்னேற்றத்தில் வைத்த நம்பிக்கை, நவீன மனிதன் தன்னைப் பார்க்கும் விதத்தை எப்படி மாற்றியது?

முதல் தடவை நோட்ஸை அப்படியே கொட்டினேன். பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர்கள் ரூசோ, கொண்டோர்செ, அவர்களுக்குப் பின் வந்த ஒகஸ்ட் கொம்ட் சொன்ன மனித அறிவு வளர்ச்சியின் மூன்று படிநிலைகள். ஆண்டு ஒன்றும் பிழையில்லை, ஆனால் புள்ளி வரவில்லை. கேட்டது நம்பிக்கையின் வரலாற்றை இல்லை, அந்த நம்பிக்கையோடு வாழ்பவன் தன்னை யாரென்று நினைக்கிறான் என்பதை. இது விளங்க எனக்கு ஒரு வருசம் போனது.

விளங்கியது தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில்தான். எங்கள் தாத்தா எதற்கெடுத்தாலும் "கலி முத்திப்போச்சு" என்பார். அவருக்கு நல்ல காலம் முடிந்துபோன ஒன்று. பெரியவர்கள் நடந்தபடி நடக்கிறோமா என்பதே அவருடைய கவலை. அம்மா வேறு. கொழுந்து நிறுத்துவிட்டு வருவார், கூடைக் கயிற்றின் தடம் நெற்றியில் இன்னும் சிவந்திருக்கும். "படிச்சு முன்னுக்கு வா" என்பார். முன்னுக்கு என்றால் லயத்தை விட்டு வெளியே. அப்படியானால் லயத்தில் இருக்கும் அம்மா? பின்னுக்கு. அவரே தன்னை அப்படித்தான் நினைத்திருந்தார். அறிக்கைகளில் எங்களுக்குப் போடும் "பின்தங்கிய சமூகம்" என்ற பெயரும் இதே கணக்குத்தான். இன்று வாழும் மனிதரை நேற்றைய மனிதர் ஆக்கிவிடுகிறது.

இரண்டாம் தடவை விடையை இங்கிருந்து தொடங்கினேன். கொண்டோர்செயை விடவில்லை, ஆனால் அவர் எழுதிய நிலைமையோடு சேர்த்துச் சொன்னேன். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கைது உத்தரவுக்குத் தப்பி ஒளிந்திருந்தபடிதான் மனித அறிவு முடிவில்லாமல் வளரும் என்று எழுதினார். 1794இல் சிறையில் இறந்தார், நூல் 1795இல் வந்தது. கண்முன் நடப்பதைப் பார்த்துப் பிறந்த நம்பிக்கை இல்லை அது. தான் யார், எதன் பங்காளி என்பதை அவருக்குச் சொன்ன நம்பிக்கை.

ஒரு எச்சரிக்கை: ஊர்ப்பற்றில் தேயிலை வரலாற்றைத் திணிக்காதீர்கள். இலங்கையில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய கதையை, 1867, லூல்கந்துர தோட்டம், அதைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் என்று, பயிற்சி விடையில் நானும் ஒரு பந்தி எழுதினேன். பிறகு வெட்டிவிட்டேன்.

அப்புறம் நேரம். மூன்று மணித்தியாலம், ஐந்து வினா, ஒன்றுக்கு 36 நிமிடம். நான் அம்மாவைப் பற்றியே அதிகம் எழுதிவிட்டேன். கலையும் விஞ்ஞானமும் ஒழுக்கத்தைக் கெடுத்தன என்று வாதாடி 1750இல் டிஜோன் அக்கடமியின் பரிசை வாங்கிய ரூசோவுக்கு நாலு வரிதான் கிடைத்தது. எதிர்வாதத்துக்கு பத்து நிமிடமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.