முப்பத்தாறு தவணைகள்

வங்கிக் கிளையொன்றின் முகாமையாளர் கதிரையை விட்டு, திருகோணமலை, கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்துக்கு வணிகம் கற்பிக்க வந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. பதினாறு வருடச் சேவையைத் துறந்து, தகுதிகாண் விரிவுரையாளராகக் கீழ்ப்படியிலிருந்து மீண்டும் தொடங்குவதை வீட்டில் ஒருவரும் விரும்பவில்லை.

முதல் மாதத்தில், எனக்கு மிகப் பழக்கமான கணக்கொன்றையே கரும்பலகையில் எழுதினேன். பத்து இலட்சம் ரூபாக் கடன், ஆண்டு வட்டி 15 சதவீதம், 36 சமமான மாதத் தவணைகள். மாணவர்கள் விரைவாகவே விடை கண்டார்கள். மாதமொன்றுக்கு ஏறத்தாழ 34,700 ரூபா. அப்போது குச்சவெளியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், எங்கட வாப்பா கரைவலைக்காரர். மார்கழியில கடல் கொந்தளிச்சா வலை வளைக்க ஏலாது. அந்த மாசத் தவணைய எப்படிக் கட்டுற?" என்று கேட்டாள்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரியாததால் அல்ல. அதை நான் நெடுங்காலம் நேரிலே பார்த்திருந்ததால்தான். வாடைக்காற்று வீசும் மாதங்களில் எங்கள் கிளையின் நிலுவைப் பட்டியல் நீளும். அதே நாட்களில் அடகுப் பகுதியில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். உரைகல்லில் உரைத்து, தராசில் நிறுத்து, காப்பையும் சங்கிலியையும் உறையிலிட்டு முத்திரை வைப்போம். அந்தக் காசைக் கையில் வாங்கியவர் அடுத்த கருமபீடத்துக்குச் சென்று வள்ளக் கடனின் தவணையைக் கட்டுவார். ஒரு கடனை இன்னொரு கடனால் அடைத்த அந்தக் கணக்குகள் எங்கள் ஏடுகளில் ஒழுங்காகவே இருந்தன. அவற்றில் பலவற்றுக்கு நானே கையொப்பமிட்டிருக்கிறேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

பின்னர் துறைத் தலைவர் பொறுப்பு வந்தது. வங்கியில் தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கை காலையில் வந்தால் மாலைக்குள் நடைமுறையாகிவிடும். பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்திட்டத்தின் ஒரு வரியை மாற்றுவதற்கும் சக விரிவுரையாளர்களை இணங்கவைத்து, பீடச் சபையில் விளக்கி, திரும்பிவந்தால் திருத்தி மீண்டும் கொண்டுபோக வேண்டும். இந்த நிதானத்தை நான் மதிக்கப் பழகியது மெதுவாகத்தான். 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, வட்டி மாறும் கடன்களை வாங்கியிருந்த பெற்றோரின் பிள்ளைகள் என் அறைக்கே வந்து காரணம் கேட்டார்கள். கடன் பாடத்தை இவ்வூர்ப் பருவங்களோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்ற என் கோரிக்கைக்கு அதன் பின்னரே சக விரிவுரையாளர்களின் முழு ஆதரவு கிடைத்தது.

இப்போது ஒவ்வொரு மாணவரும் ஊரில் ஒரு தொழிலாளியோடு அமர்ந்து தவணை அட்டவணையொன்றைத் தயாரிக்கிறார்கள். சென்ற முறை நிலாவெளி மாணவன் ஒருவன், பங்குனி முதல் ஐப்பசி வரை கூடிய தவணையும் மிகுதி மாதங்களுக்கு வட்டி மட்டும் எனவும் எழுதி, கரைவலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியிடம் காட்டியிருக்கிறான். அவர் பேனையை வாங்கி ஐப்பசியை வெட்டிவிட்டு, "அது வலை பொத்துற மாசம் தம்பி" என்றாராம். அந்த வெட்டோடேயே தாளை என்னிடம் கொடுத்தான். நான் முழுப் புள்ளி இட்டேன்.