இரவுப் பணிக்குக் கிளம்பும் அப்பா

இரவு ஒன்பது மணி ஆகிவிட்டால் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளாது. வேட்டியை மாற்றிக் கால்சட்டை போட்டுக்கொள்வார். பழைய ரெக்சின் பையில் துண்டு, டம்ளர், போர்வை, கையில் அகப்பட்டால் தொலைக்காட்சியின் ரிமோட் ஆகியவற்றை அடுக்கிவிட்டு, "செட்டுக்கு நேரமாச்சு, சாப்பாட்டைக் கட்டும்மா" என்பார். செட் என்பது அவர்கள் பேச்சில் பணிமுறை. அவர் ஆர்.எம்.எஸ். என்று எல்லோரும் சொல்லும் ரயில்வே தபால் பிரிவில், திருச்சி 'டி' டிவிஷனில், 39 ஆண்டுகள் சார்ட்டராக, அதாவது தபால் பிரிப்பவராக, இருந்து 2003-ல் ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தின் பெரும்பகுதி ஓடும் ரயிலின் தபால் பெட்டியில், இரவு முழுவதும் நின்றபடியே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் புறா மாடம் போன்ற அறைகளில் போட்டுக்கொண்டிருந்ததில் கழிந்தது.

மறதி தொடங்கியபோது, வயதானால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று உறவினர்கள் சொன்னதை நாங்களும் சௌகரியமாக ஏற்றுக்கொண்டோம். 2019-ல் ஒரு நாள் ஸ்ரீரங்கம் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் அவர் நின்ற பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டையும் முதலில் பார்த்தார்கள். அவற்றின் குறைபாட்டாலும் மறதி வரும், அதைச் சரிசெய்துவிட முடியும் என்பதால் எனக்கு அதில் ஒரு நப்பாசை இருந்தது. இரண்டும் சரியாகவே இருந்தன. அதன்பின் ஒரு காகிதத்தில் கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொன்னார்கள். அப்பா வட்டத்தை அழகாகப் போட்டார். பன்னிரண்டு எண்களையும் வலது பாதிக்குள்ளேயே நெருக்கி எழுதிவிட்டு, முட்களை வரையாமல், "வண்டி லேட்டா?" என்று மருத்துவரிடமே கேட்டார். ஸ்கேனுக்கும் பிற சோதனைகளுக்கும் பிறகு அல்சைமர் என்ற மறதி நோய் என்று சொல்லி, டோனெப்பெசில் மாத்திரை எழுதித் தந்தார்கள். நோயை அது நிறுத்தாது, சில காலத்துக்கு அறிகுறிகளைச் சற்றுத் தணிக்கலாம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னதற்கு அந்த மருத்துவருக்கு நன்றியுடையவளாக இருக்கிறேன். இரவில் அந்த மாத்திரையைக் கொடுத்தபோது கெட்ட கனவு கண்டு அலறினார். மருத்துவரைக் கேட்டுக் காலைக்கு மாற்றிய பிறகு அது குறைந்தது.

முதல் ஓராண்டு நான் செய்ததெல்லாம் அவரைத் திருத்தியதுதான். "நீங்க ரிட்டயர் ஆகிப் பதினாறு வருஷம் ஆச்சுப்பா" என்று ஒவ்வொரு இரவும் சொல்வேன். அவர் அதை நம்பமாட்டார், அல்லது நம்பி நொறுங்கிப்போவார்; இரண்டில் எது மோசம் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு இரவு நான் கதவைத் தாழிட மறந்துவிட, ரயில் நிலையத்தின் நடைமேடை பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைத் தேநீர்க் கடைக்காரர் அடையாளம் கண்டு எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். மறுநாளே கதவின் மேல்பக்கம், அவர் பார்வை எளிதில் போகாத உயரத்தில், இன்னொரு தாழ்ப்பாள் போட்டோம். சட்டைப் பையில் வைத்த முகவரிச் சீட்டை அவர் எடுத்து எறிந்துவிடுவதால், தொலைபேசி எண்ணைச் சட்டையின் உள்பக்கத்திலேயே தைத்தேன்.

மாற்றம் என் கணவரால் தற்செயலாக வந்தது. ஒரு நாள் அலுத்துப்போய், "மாமா, இன்னைக்கு உங்களுக்கு ரெஸ்ட். ஆபீஸ்லேருந்து சொல்லி அனுப்பினாங்க" என்றார். அப்பா சிறிது நேரம் யோசித்தார். "எனக்குப் பதிலா யார் போறா?" என்று கேட்டார். ஏதோ ஒரு பெயரைச் சொன்னதும், "அவன் நல்ல வேலைக்காரன்தான்" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டு படுத்துவிட்டார். அப்பாவிடம் பொய் சொல்வதா என்று எனக்கு அன்று முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் வேலையை அந்தரத்தில் விட்டுவிட்டோமோ என்ற பதைப்புதான் அவரைக் கிளப்புகிறது என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது.

அதன்பின் பழைய கல்யாணப் பத்திரிகை உறைகளையும் வங்கிக் கடித உறைகளையும் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். அந்தி மயங்கும் நேரத்தில், அவர் நிலைகொள்ளாமல் தவிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே, கட்டு ஒன்றை அவர் முன் வைப்பேன். உறையை இடது கையில் ஏந்தி, வலது கட்டைவிரலால் தள்ளி, முகவரியின் கடைசி வரியை மட்டும் பார்த்து, தரையில் வரிசை வரிசையாகப் போடுவார். பின்கோடு 1972-ல் வந்தபோது அதை மனப்பாடம் செய்த தலைமுறை அவருடையது. முதல் மூன்று எண்களிலேயே எந்த ஊர்ப் பக்கம் என்பது அவர் கைக்குத் தெரியும். ஒரு முறை உதவுவதாக எண்ணி நானும் ஓர் உறையைப் போட்டேன். "இது 614, மன்னார்குடி. 612-ல கொண்டு போடறியே, கும்பகோணத்துக்காரன் என்ன பண்ணுவான்?" என்று கடிந்துகொண்டார். அப்போது என் பெயர் அவருக்குத் தெரியாது. என்னை எப்போதோ இறந்துபோன அவருடைய அக்கா என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தார். கட்டு முடிந்ததும் நான் அதைக் கலைத்து மறுநாளைக்கு எடுத்து வைப்பேன். அதை அவர் பார்க்காதபடி செய்ய வேண்டும்.

எல்லாப் பழக்கத்துக்கும் இப்படி ஒரு வேர் கிடைத்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். பல்செட்டை அரிசி டிரம்மில் புதைப்பதற்கும், மூக்குக் கண்ணாடியைத் தலையணை உறைக்குள் தைத்தது போலச் செருகிவைப்பதற்கும் நான் எந்தக் காரணத்தையும் கண்டுபிடிக்கவில்லை. ஒளித்துவைத்ததை மறந்துவிட்டு, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைத் திருடி என்று அவர் கத்தியபோதுதான் எனக்கு உயிர் போயிற்று. அந்தப் பெண்ணை உட்காரவைத்து நோயைப் பற்றி முழுவதும் சொன்னேன். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வீட்டு விஷயம் வெளியே தெரியக்கூடாது என்ற வீண் கௌரவத்தால் சொல்லாமல் இருந்தேன். பிறகு பாஸ்புக்குக்கு ஒரு நகலும் கண்ணாடிக்கு இன்னொரு ஜோடியும் வைத்துக்கொண்டோம். பொருள் காணவில்லை என்றால் "வாங்க தேடலாம்" என்று அவரோடு சேர்ந்து தேடுவதும், குப்பையைக் கொட்டுமுன் ஒரு முறை கிளறிப் பார்ப்பதும் வழக்கமாயின.

சாப்பிட்ட பத்தாவது நிமிடத்தில், "இந்த வீட்டில யாரும் எனக்குச் சோறு போடறதில்ல" என்று தெருவில் போகிறவரிடம் முறையிடுவார். இதற்கு அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் எதிரிலேயே கொஞ்ச நேரம் விட்டுவைத்தது ஓரளவு பலித்தது; பலிக்காத நாளில் ஒரு கிண்ணம் பொரி. கூடத்துக் கண்ணாடியில் தெரியும் கிழவரை விருந்தாளி என்று எண்ணி, அவருக்குக் காபி கொடுக்கவில்லை என்று எங்களைத் திட்டியதும் உண்டு. மாலையில் கண்ணாடியின் மேல் ஒரு வேட்டியைப் போர்த்தியதும் விருந்தாளி போய்விட்டார்.

குளியல்தான் இன்னும் போராட்டம். தலையில் சொம்பு நீர் விழுந்ததும் மிரண்டு கையை ஓங்குவார். பாதத்தில் தொடங்கி மெல்ல மேலே வந்தால் பொறுத்துக்கொள்கிறார் என்பதைத் தட்டுத்தடுமாறிக் கற்றேன். சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டால் மட்டும் தானாகவே மணையில் வந்து உட்காருகிறார். மற்ற நாள்களில் ஈரத்துண்டால் துடைத்துவிடுவதோடு சரி. தினமும் குளித்தே ஆகவேண்டும் என்ற என் பிடிவாதத்தை நான்தான் விடவேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு இரண்டே நாளில் அப்பா தலைகீழாக மாறினார். பகலெல்லாம் அரைத்தூக்கம், விழித்தால் போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டே யாரிடமோ பேச்சு. நோய் முற்றிவிட்டது என்று எண்ணி நான் அழுதுகொண்டிருந்தேன். மருத்துவர் சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். அதில் நோய்த்தொற்று இருந்தது. மருந்து கொடுத்த பத்து நாளில் பழைய அப்பா, அதாவது பழைய மறதியோடு கூடிய அப்பா, திரும்பிவிட்டார். மறதி நோய் மெதுவாகக் கீழிறங்கும். திடீரென்று சரிந்தால் தொற்றோ, மலச்சிக்கலோ, உடலில் நீர் வற்றியதோ, புதிய மாத்திரையோ இருக்கிறதா என்று உடனே மருத்துவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும்.

நவம்பர் மாதத்தில் ஓய்வூதியர் உயிர்வாழ்வுச் சான்றுக்காகத் தபால்காரரையே வீட்டுக்கு வரவழைத்தோம். அவர் கைரேகைக் கருவியை எடுத்து வைப்பதற்குள் அப்பா அவருடைய தோள்பையை இழுத்துப் பார்த்து, "லேபிள் எங்கே?" என்றார். "மறந்துட்டேன் சார், நாளைக்குக் கட்டிடறேன்" என்றார் தபால்காரர். "நாளைக்கா? பை இப்பவே வண்டியில ஏறணும்" என்று அப்பா என்னிடம் சணல் கேட்டார். சட்டைப் பொத்தானைக்கூடப் போடத் தெரியாத விரல்கள் பையின் வாயைச் சேர்த்துப் பிடித்து, இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டன. தபால்காரர் பத்து நிமிடம் பொறுமையாக நின்றார். கைரேகை இரண்டாம் முறையில்தான் பதிந்தது. அன்றிரவும் ஒன்பது மணிக்கு அப்பா பையைக் கட்டிக்கொண்டு சாப்பாடு கேட்டார். அவருக்கு ரெஸ்ட் என்று சொன்னேன்.