கொஞ்சம் குந்தி எழுந்து காட்டுங்க

முட்டி வலி என்று வருகிறவர்கள் முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டைத்தான் நீட்டுவார்கள். அதை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு, "கொஞ்சம் குந்தி எழுந்து காட்டுங்க" என்பேன். சேலம் அம்மாபேட்டையில் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்க ஆரம்பித்து 14 வருடமாகிறது. காலையில் சின்ன கிளினிக், மாலையில் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போவது. ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதை விட, ஒருவர் குந்தி எழுகிற அந்த நாலைந்து நொடியில் எனக்கு அதிகம் தெரிந்துவிடுகிறது. குதிகால் தூக்குகிறதா, முட்டி உள்ளே சாய்கிறதா, அடியில் போனதும் இடுப்பு உருண்டு முதுகு வளைகிறதா, எழும்போது கை எங்கே போகிறது. பக்கவாட்டில் நின்று ஒரு முறை, எதிரில் நின்று ஒரு முறை பார்ப்பேன்.

2020 ஊரடங்குக்குப் பிறகு இந்தக் கேள்விக்கு இன்னொரு கூட்டமும் வந்து சேர்ந்தது. ஜிம் மூடிக் கிடந்த நாட்களில் டம்பெல்ஸ் வாங்கி வீட்டிலேயே பயிற்சியை ஆரம்பித்தவர்கள். பக்கத்தில் நின்று திருத்த ஆளில்லை. நாலு மாதம் ஸ்குவாட், அதாவது குந்தி எழுகிற பயிற்சி, செய்த பிறகு முட்டியையோ கீழ்முதுகையோ பிடித்துக்கொண்டு வருவார்கள். அவர்களில் பலருக்கும் நான் முதலில் சொல்வது, "நீங்க செய்யறது தப்பான பயிற்சி இல்லீங்க, உங்க உடம்புக்கு அது இன்னும் பொருந்தல" என்பதுதான்.

ஏன் பொருந்தவில்லை என்பதற்கு, அவர் நாள் முழுக்க எப்படி உட்காருகிறார் என்று பார்க்க வேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது படிப்பு இல்லை, இந்த ஊர்தான். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் தரையில் சம்மணம் போட்டு, குட்டை மேசை முன்னால் குனிந்து, நாளுக்கு 10 மணி நேரம் வெள்ளியோடு உட்கார்ந்திருப்பார்கள். தரையில் உட்காருகிறவர்களுக்கு ஸ்குவாட் தானாக வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வராது. இடுப்பு நன்றாக விரியும், ஆனால் கணுக்கால் முன்னால் மடங்காது. சம்மணத்தில் அதற்கு வேலையே இல்லையே. குழித்தறியில் நெய்கிறவர்களுக்கு நேர் எதிர். கால் இரண்டும் குழிக்குள் தொங்கி மிதிகட்டையை மிதித்துக்கொண்டே இருப்பதால் கணுக்கால் இளகித்தான் இருக்கும். ஆனால் நான் பார்த்தவரை, குந்தச் சொன்னால் பாதி வழியில் அப்படியே நின்றுவிடுவார்கள். ஏறக்குறைய அவர்கள் உட்காருகிற பலகையின் உயரத்தில்.

இதெல்லாம் புரிவதற்கு முன்னால் நான் ஒரு தவறு செய்தேன். அதை இன்றும் மறக்கவில்லை.

வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். கொலுசுக்குப் பற்றவைக்கிற ஒரு அண்ணன், 42 வயது. முட்டியில் லேசான வலி. தொடையைப் பலப்படுத்த வேண்டும் என்று சொன்னதும், வீட்டில் அரிசிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸ்குவாட் செய்ய ஆரம்பித்துவிட்டார். அவ்வளவு ஆர்வம். நான் படித்தபடி ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தேன்: முட்டி, கால் விரலைத் தாண்டி முன்னால் போகவே கூடாது. அவர் சுவரைப் பார்த்து நின்று, முட்டி சுவரில் படாமல் சிரத்தையாகச் செய்தார். மூன்றாவது வாரம் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். "மேடம், நீங்க சொன்ன மாதிரிதானுங்க செஞ்சேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துச் சொன்னார். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரம் உட்கார்ந்து படித்தேன். 1961-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் க்ளைன், ஆழமாகக் குந்துவது முட்டியின் தசைநாரைத் தளர்த்திவிடும் என்று எழுதினார். அந்தப் பயம் பள்ளி, ராணுவம், உடற்பயிற்சிக் கூடம் என்று எல்லா இடத்துக்கும் பரவியது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. 2003-ல் ஆண்ட்ரூ ஃப்ரையும் உடன் இருந்தவர்களும், எடை தூக்கிப் பழகிய ஆண்கள் சிலரை முட்டிக்கு முன்னால் ஒரு பலகையை வைத்தும் வைக்காமலும் ஸ்குவாட் செய்ய வைத்து அளந்தார்கள். பலகை தடுத்தபோது முட்டியில் விழுந்த திருப்புவிசை, அதாவது மூட்டைச் சுழற்றப் பார்க்கிற விசை, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் இடுப்பில் அது பத்து மடங்குக்கு மேல் ஏறியது. முட்டி முன்னால் போக முடியாவிட்டால் உடம்பு முன்னால் சாய்ந்துதானே சமாளிக்க வேண்டும்? அந்த அண்ணனின் முதுகில் நடந்ததும் அதுதான். அதுவும் நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்கிற முதுகு.

அடுத்த முறை அவர் வீட்டுக்கே போனேன். அவருடைய கணுக்காலைப் பார்த்தேன். இதை யாரும் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து ஒரு காலை முன்னால் வையுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முட்டியைச் சுவரில் தொட முடிகிறதா பாருங்கள். முடிந்தால் காலைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி. பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவில் 10 சென்டிமீட்டர் அளவுக்கு இடம் இருந்தும் முட்டி தொட்டால், ஆழமான ஸ்குவாட்டுக்குக் கணுக்கால் பெரும்பாலும் தடையாக இருக்காது. அவருக்கு இடது காலில் நாலு விரல் அகலம். வலது காலில் இரண்டு விரல்கூட இல்லை. பட்டறையில் எப்படி உட்காருவீர்கள் என்று கேட்டதும் உட்கார்ந்து காட்டினார். வலது பாதத்தின் மேல்புறம் தரையில் அழுந்த, காலை மடக்கி அதன் மேல் பாதி எடையைப் போட்டு. 25 வருடமாக அந்தப் பாதம் ஒரே பக்கமாகத்தான் நீண்டு கிடந்திருக்கிறது.

சரி, கணுக்கால் இளகும் வரை பயிற்சியை நிறுத்தச் சொல்வதா? நிறுத்தினால் தொடை இன்னும் மெலியும். ஒரு அங்குலக் கனத்தில் பழைய பலகை ஒன்றை எடுத்து வரச் சொல்லி, இரண்டு குதிகாலையும் அதன் மேல் வைத்துக் குந்தச் சொன்னேன். முதுகு நிமிர்ந்தபடியே ஒரு சாண் கூடுதலாக இறங்கினார். முகத்தில் ஒரு ஆச்சரியம். பலகை ஊன்றுகோல் மாதிரிதான், அதை வைத்துக்கொண்டு பலத்தை வளர்க்கலாம். இன்னொரு பக்கம் கணுக்காலுக்குத் தனியாக வேலை.

அந்தத் தனி வேலை மாடிப்படியில் நடந்தது. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மூன்று எண்ணி மெதுவாகக் கீழே இறக்குவது, அப்புறம் ஏற்றுவது. முட்டியை நீட்டிப் பத்து, லேசாக மடக்கிப் பத்து. இரண்டும் வேண்டும். கெண்டைக்காலில் மேலே தெரிகிற தசை முட்டியைத் தாண்டிப் போய்த் தொடை எலும்பில் ஒட்டியிருக்கிறது, அதற்கு அடியில் இருப்பது முட்டிக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. முட்டியை நீட்டினால் மேல் தசை இழுபடும், மடக்கினால் அடித் தசை. குந்தும்போது முட்டி மடங்கித்தானே இருக்கிறது, அதனால் அந்த அடித் தசையை விட்டுவிட்டு, காலை நீட்டி மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் ஸ்குவாட் பெரிதாக மாறாது. நிறையப் பேர் விட்டுவிடுவது இதைத்தான். இரண்டு மாதத்தில் வலது காலும் நாலு விரலுக்கு வந்தது. பலகையை எடுத்துவிட்டோம்.

எல்லோருக்கும் கணுக்கால்தான் காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு தம்பி, பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர். கணுக்கால் சரியாக இருந்தது. ஆனால் குந்தினால் உடம்பு முன்னால் சாயும். போனில் பார்த்த வீடியோவில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார், எனக்கு வரவில்லையே என்று மனசு விட்டுப் போயிருந்தார். அவருக்குத் தொடை எலும்பு நீளம், உடல் கட்டை. அப்படிப்பட்டவர் கொஞ்சம் சாய்ந்துதான் ஆக வேண்டும், இல்லையென்றால் பின்னால் விழுவார். முதுகு நேராக இருந்தபடி சாய்வது தவறே இல்லை. இதைச் சொன்னபோது அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். யாரோ ஒருவருடைய எலும்புக்கு ஏற்ற வடிவத்தை இன்னொருவர் மேல் திணிப்பதுதான் வீட்டுப் பயிற்சியில் நடக்கிற பெரிய அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அவருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அடியில் போனதும் இடுப்பு உள்ளே சுருண்டு முதுகு வளைந்தது. கால் இரண்டையும் ஒட்டி வைத்திருந்தார். அவரைக் கை முட்டி ஊன்றித் தவழ்கிற மாதிரி நிற்க வைத்து, பின்பக்கத்தைக் குதிகாலை நோக்கி மெதுவாகத் தள்ளச் சொன்னேன். முட்டிகள் ஒட்டியிருந்தபோது சீக்கிரமே முதுகு வளைந்தது. தோளை விடக் கொஞ்சம் அகலமாக விரித்ததும் முதுகு வளையாமல் நன்றாகப் பின்னால் போக முடிந்தது. அதுதான் அவருடைய அகலம். எழுந்து, பாதத்தை அதே அளவுக்கு விரித்து, விரலைச் சற்று வெளியே திருப்பி, எட்டு கிலோ டம்பெல்லை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக் குந்தினார். முன்னால் பிடிக்கிற எடை துலாக்கோல் மாதிரி, பின்னால் சாய்கிற உடம்பைச் சமன் செய்துவிடும். வெறுங்கையோடு வராத ஆழம் எடையோடு வந்தது.

பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா கேட்டார், "ஏனுங்க, இதுக்குத் தோப்புக்கரணமே போட்டா பத்தாதுங்களா?" நல்ல கேள்வி. உடம்பைச் சூடாக்கப் பத்து தோப்புக்கரணம் அருமையான வேலை, போடச் சொன்னேன். ஆனால் வேகமாக இறங்கி ஏறும்போது அடியில் ஒரு துள்ளல் வந்துவிடும். பலம் இல்லாத அந்த இடத்தைத் துள்ளித் தாண்டிவிடுவோம். மூன்று எண்ணி இறங்கி, அடியில் இரண்டு எண்ணி நின்று, அப்புறம் எழுவதில்தான் அந்த இடத்துக்குப் பலம் சேரும். உடம்பு தனக்குப் பலம் இல்லாத ஆழத்துக்கு நம்மை விடாது. படுத்துக்கொண்டு எவ்வளவு இழுத்தாலும் குந்தும்போது இறுகுகிறது என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

அந்தத் தம்பி மெத்தென்ற பாய் மேல் ஷூ போட்டுக்கொண்டு செய்துகொண்டிருந்தார். இரண்டையும் எடுக்கச் சொன்னேன். வெறும் டைல்ஸில், வெறுங்காலில், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் மூன்றும் தரையில் அழுந்த நின்றால் முட்டி உள்ளே சாய்வது குறையலாம். போனை ஒரு சொம்பில் சாய்த்து, இடுப்பு உயரத்தில் ஸ்டூல் மேல் வைத்து, பக்கவாட்டில் படம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், எட்டிலிருந்து பத்து முறை, மூன்று சுற்று. கடைசி இரண்டு கஷ்டமாக இருக்கலாம், வடிவம் கெடக் கூடாது. வெகுநேரம் பிடித்து இழுக்கிற பயிற்சிகளை ஸ்குவாட்டுக்கு முன்னால் செய்யாமல் ராத்திரிக்குத் தள்ளி வைத்தோம். முட்டி வீங்கினாலோ, மடக்கிய இடத்தில் சிக்கிக்கொண்டாலோ, முதுகு வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஏற்காட்டுக்குப் போகிறேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி படர்ந்த காப்பித் தோட்டங்களைத் தாண்டி ஒரு வீடு. அங்கே ஒரு அம்மா, 58 வயது, சிறு வயதிலிருந்தே தோட்ட வேலை. "கொஞ்சம் குந்தி எழுந்து காட்டுங்கம்மா" என்றேன். குந்தினார் பாருங்கள், அப்படி ஒரு குந்தலைக் கீழே சேலத்தில் நான் பார்த்ததே இல்லை. குதிகால் தரையில், முதுகு நேராக, கை இரண்டும் சும்மா முட்டி மேல். சரிவில் ஏறி ஏறிக் கணுக்கால் அப்படி மடங்கியது. உதிர்ந்த பழம் பொறுக்குகிற நாட்களில் மணிக்கணக்கில் அப்படியே இருப்பாராம்.

"எழுந்திருங்கம்மா."

எழ முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் திண்ணையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். "குந்தறது சுகந்தான் சாமி, எந்திரிக்கறதுதான் உயிர் போவுது" என்றார்.

இவ்வளவு வருடம் நான் இறங்குவதைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்த அம்மாவுக்கு இழுப்புப் பயிற்சி எதுவுமே தேவையில்லை. அவர் வீட்டில் இருந்த உயரமான ஸ்டூலை எடுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு அதிலிருந்து எழச் சொன்னேன். பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, நெஞ்சை முன்னால் கொண்டுவந்து, தரையைத் தள்ளி எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ண வேண்டும். முதல் நாள் ஐந்து முறை. அடுத்த மாதம் பத்து. அப்புறம் ஸ்டூலை விட்டு நாற்காலி. மூன்றாவது மாதம் நாற்காலியிலிருந்து இரண்டு கிலோ துவரம்பருப்புப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

போன மாதம் போனபோது நாற்காலியை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார். மருமகள் துணி துவைக்க உட்காருகிற முக்காலி நடு வீட்டில் கிடந்தது. நான் பையை வைப்பதற்குள் அதில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாக, நடுவில் ஒரு கணம் தொடை நடுங்க நின்று, முழுசாக எழுந்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்து மருமகளைக் கூப்பிட்டார்.

"இதவிடக் கட்டையா அந்த அருவாமணைப் பலகை ஒன்னு இருக்குமே கண்ணு, அத எடுத்தா."