எல்லோரும் இருபது நிமிடம்

வீட்டு வாசிப்புப் பதிவேட்டில் ஐந்து கட்டங்கள் உண்டு: நாள், புத்தகத்தின் பெயர், பக்கம், வாசித்த நேரம், பெற்றோர் கையொப்பம். சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு யூனியன் நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். திங்கட்கிழமை காலையில் இந்தப் பதிவேடுகளைப் புரட்டினால், என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் அத்தனை நாளும் இருபது நிமிடம் வாசித்திருப்பார்கள். பதினெட்டும் இல்லை, இருபத்தைந்தும் இல்லை. ஊர்ப் பொங்கலுக்கு முளைப்பாரி தூக்கிக்கொண்டு தெருவே திரண்டு போன அன்றைக்கும் இருபது நிமிடம்தான்.

கையொப்பங்களும் அப்படியே. ஐந்து நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் போட்டது தெரியும்; பேனாவின் மை கூட மாறியிருக்காது. இதில் பிள்ளைகளையோ தாய்மாரையோ குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. விடிந்தும் விடியாமலும் பட்டாசு ஆலை வேனில் ஏறிப்போய், மாலையில் மருந்து படிந்த கையோடு திரும்பி, தண்ணீர் பிடித்து உலை வைக்கும் ஒருவரிடம் போய் "பிள்ளை எத்தனை நிமிடம் வாசித்தது?" என்று கேட்டால் வேறு என்ன பதில் கிடைக்கும்? அந்தக் கட்டத்தை வைத்ததே தவறு. அது பொய்யைத் தவிர வேறெதையும் வாங்கித் தராது.

பள்ளிக்குள் கணக்குக்குக் குறைவே இல்லை. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்தோம். அடுத்து வந்த வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வந்தன. (பெயர் வைப்பதில் நம் துறையை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அந்தப் புத்தகங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. படம் பெரிது, வரி சிறிது, அறிவுரை குறைவு.) இவற்றுக்கெல்லாம் சற்று முன்பு, 2022 கோடை விடுமுறையின் கடைசியில், தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வி மையங்களில் வாசிப்பு மாரத்தான் நடந்தது. பிள்ளை கைபேசியைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க வேண்டும். கூகுளின் செயலி அதைக் கேட்டுச் சரியான சொற்களை எண்ணிக்கொள்ளும். திரையில் தியா என்ற சிறுமி பாராட்டுவாள், நட்சத்திரம் விழும். சொல் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அக்கா பெயரில் தம்பி வாசிப்பதும், தம்பி பெயரில் அக்கா வாசிப்பதும் அந்தச் செயலிக்குத் தெரியாது. நட்சத்திரம் என்னவோ வீட்டுக்குத்தானே வருகிறது!

வகுப்பில் ஒரு பிள்ளை வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்று கண்டுபிடிக்க எனக்குச் செயலி வேண்டாம். கையைப் பார்த்தால் போதும். என் வகுப்பில் ஒரு பையன் பாடத்தைத் தங்குதடையின்றி வாசிப்பான். பக்கத்தின் கடைசி இரண்டு வரி இருக்கும்போதே அவன் கை பக்கத்தைத் திருப்பிவிடும். வாய் மட்டும் திருப்பிய பக்கத்தின் வரிகளைச் சொல்லிக்கொண்டிருக்கும். அத்தனையும் மனப்பாடம். அதே பாடத்தின் நடுவிலிருந்து 'கொண்டாடினார்கள்' என்ற ஒரு சொல்லைக் கரும்பலகையில் தனியாக எழுதிக் காட்டினால், கொம்பையும் காலையும் பார்த்து 'கெ' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுவான். பதிவேட்டின்படி அவன் நல்ல வாசகன்.

அவனுக்கு நேர்மாறான ஒரு பெண்ணும் அதே வகுப்பில் இருந்தாள். பாடத்தில் ஒவ்வொரு வரியையும் எழுத்துக் கூட்டித்தான் கடப்பாள். ஒருநாள் அவள் நோட்டுக்குப் போட்டிருந்த அட்டையைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அச்சகத்துக் கழிவுத்தாளில்தான் நோட்டுக்கு அட்டை போடுவார்கள். பாதி வெட்டிய விளம்பரமோ, வண்ணம் விலகிய சாமி படமோ எதுவாகவும் இருக்கும். அவளுடையது தினசரிக் காலண்டர் தாள். விளையாட்டாக அதை வாசிக்கச் சொன்னேன்.

"சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம், சந்திராஷ்டமம்..." என்று கடகடவென்று போனாள். மேஷம் லாபம், ரிஷபம் செலவு என்று பன்னிரண்டு ராசிக்கும் மூச்சுவிடாமல் வாசித்தாள். மனப்பாடமாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் வேறொரு பையனின் நோட்டு அட்டையில் இருந்த வேறு மாதத்துத் தாளைக் கொடுத்தேன். அதையும் வாசித்தாள். 'சந்திராஷ்டமம்' என்ற சொல்லைத் திக்காமல் வாசிக்கும் பிள்ளை 'பட்டாம்பூச்சி'யில் தடுமாறுகிறது.

"வீட்டில் யாருக்கு வாசிப்பாய்?"

"அம்மாச்சிக்கு, டீச்சர். ராகு காலம் கேட்காமல் வெளியே போகமாட்டாங்க."

தினமும் காலையில் தாளைக் கிழித்ததும் அவள் வாசித்துக் காட்ட வேண்டும். எந்த ராசியில் தயங்கினாலும் அம்மாச்சி விடமாட்டாராம். அது வீட்டில் யாராவது ஒருவருடைய ராசியாகத்தான் இருக்கும். இப்படி ஒரு கறாரான கேட்பாளர் எங்கள் பள்ளியில் யாருக்கும் வாய்க்கவில்லை. காலண்டர் ஊரில் இதில் வியக்க ஒன்றுமில்லைதான். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகி, அதன் பிறகு அச்சு சூடுபிடிக்கும். அடுத்த வருடத்து நல்ல நேரத்தை எங்கள் பிள்ளைகள் இந்த வருடத் தீபாவளிக்கு முன்பே கழிவுத்தாளில் வாசித்துவிடுவார்கள்.

அவள் பதிவேட்டில் இந்த வாசிப்பு ஒரு வரிகூட இல்லை. புத்தகத்தின் பெயர் என்ற கட்டத்தில் காலண்டரை எப்படி எழுதுவது?

அதன்பின் என் வகுப்புக்கு மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். அதில் இரண்டே கேள்விகள்: எதை வாசித்தாய், யாருக்கு வாசித்துக் காட்டினாய். நேரமும் கையொப்பமும் கிடையாது. ஒன்றுமில்லாத நாளில் ஒன்றுமில்லை என்று எழுதலாம். முதல் வாரத்தில் பழைய பழக்கத்தில் பாடப்புத்தகப் பெயர்களாக வந்தன. காலண்டரும் செல்லும் என்று தெரிந்ததும் நோட்டின் முகமே மாறியது. கோயில் கொடை நோட்டீஸில் தாத்தா பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று தேடி வாசித்தவன், தம்பிக்கு 'ஊஞ்சல்' சிறார் இதழில் கதை வாசித்தவள், மினி பஸ் கண்ணாடியில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலியை வாசித்தவன் என்று பலரும் வந்தார்கள்.

ஒரு பையன் எழுதியிருந்தான்: 'ரேஷன் மெசேஜ். அப்பத்தாவுக்கு.' கூப்பிட்டு விசாரித்தேன். அரிசியும் சீனியும் வாங்கி வந்த அன்று, பாமாயிலும் வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. கடையில் பாமாயில் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இவன் வாசித்துச் சொல்ல, அப்பத்தா கைபேசியையும் பேரனையும் கூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போய்விட்டார். அங்கே இன்னொரு முறை சத்தமாக வாசிக்கச் சொன்னாராம். பாமாயில் வந்துவிட்டது. அந்த மாதத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களும் அவனைத்தான் தேடுகிறார்கள். 'பாமாயில்' என்று அவன் சொல்லும்போது அந்த நெடிலில் ஓர் அழுத்தம் இருக்கும்.

இதை வைத்துக்கொண்டு புத்தகமே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. காலண்டரில் கதை இல்லை. ரேஷன் குறுஞ்செய்தியில் யாரும் காட்டுக்குள் வழிதவறிப் போவதில்லை. ஆனால் வீட்டில் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளையிடம் கதைப் புத்தகத்தைக் கொடுத்தனுப்புவது எளிது. "இதை அம்மாச்சிக்கு வாசித்துக் காட்டு, நாளைக்கு அவர் என்ன சொன்னார் என்று சொல்" என்றால் போதும். காலண்டர்க்காரி அப்படித்தான் 'நட' படியிலிருந்து 'ஓடு' படிக்கு வந்தாள். நரி ஏமாற்றும் கதையைக் கேட்டுவிட்டு அம்மாச்சி அந்த நரி என்ன ராசி என்று கேட்டாராம்.

கொடுத்தனுப்புவதற்கும் ஒரு தடை இருந்தது. பள்ளி நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் இருக்கும் இரும்பு பீரோ. இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் அதன் சாவியைவிடப் பெரிது. கிழிந்துபோகும் என்று தெரிந்தே கொடுக்கிறேன், கிழிந்தால் என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் இருபது புத்தகங்கள் வகுப்புக்கு வந்தன. சில கிழிந்தன. ஒன்றில் சாம்பார் வாசம் வந்தது. அடுப்படி வரை போய் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வந்தபோது இரண்டு பதிவேடுகளையும் வைத்தேன். பழையதை உடனே சரிபார்த்துவிட்டார். நாற்பது பக்க நோட்டைச் சற்று நேரம் புரட்டினார். பாமாயில் பக்கத்தில் நின்று சிரித்தார். பிறகு, "நன்றாகத்தான் இருக்கிறது டீச்சர், ஆனால் இதை எந்தப் படிவத்தில் ஏற்றுவது?" என்றார். நியாயமான கேள்விதான். அதனால் பழைய பதிவேடும் தொடர்கிறது. அதில் எல்லோரும் இன்னும் இருபது நிமிடம் வாசிக்கிறார்கள்.

புதிய நோட்டிலும் தீராதது ஒன்று உண்டு. வாரம் முழுக்க 'ஒன்றுமில்லை' என்று எழுதும் பிள்ளைகள் சிலர். பெற்றோர் இருவரும் இருட்டிய பின்தான் வருவார்கள். பெரியவர்கள் என்று வீட்டில் யாரும் இல்லை. அவர்களுக்கு யாருக்கு வாசி என்று சொல்வது? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க அவர்களை அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். பக்கத்தை முன்கூட்டியே திருப்பும் அந்தப் பையனும் அதில் ஒருவன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படத்தைப் பார்த்து முடிக்கும் வரை அவனைத் திருப்ப விடுவதில்லை.